ஹேசல் ஓடைக்கரையில் இருந்த ஊர்கள்

ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர் தேசியப் பூங்காவை மனிதக் கை படாத ஆதிக்காடு என்றே பலரும் நம்புகிறார்கள். கோடரி படாத மரங்கள் அதன் சில மூலைகளில் உண்மையிலேயே உண்டு. ஆனால் பூங்காவின் கணிசமான பகுதி அமைந்திருக்கும் வட கரோலினாவின் ஸ்வெய்ன் கவுண்டியைப் பார்த்தால், அந்தக் காட்டின் பெரும்பகுதி ஏறத்தாழ நூறாண்டு வயதே ஆனது என்பது தெரியும். ஹேசல் ஓடைக்கரையில் இருந்த பிராக்டர், ரிட்டர் மரக் கம்பெனியின் காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். பள்ளிக்கூடம், தேவாலயம், சினிமாக் கொட்டகை எல்லாம் அங்கே இருந்தன. 1910 முதல் மலைச்சரிவுகளை மொட்டையடித்த கம்பெனி 1928-இல் மூட்டை கட்டியது. பழைய குடும்பங்கள் பல அங்கேயே தங்கின. இன்று இயற்கை என்று நாம் வியப்பதில் பாதி, ஊர்களைக் காலி செய்த அரசு முடிவின் விளைவு.

அந்த முடிவு இரண்டாம் உலகப் போரின் அவசரத்தில் எடுக்கப்பட்டது. விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும் என்று டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1942-இல் ஃபாண்டானா அணையைத் தொடங்கியது. 480 அடி உயர அணையை மூன்றே ஆண்டுகளில் எழுப்பி முடித்தார்கள். நீர்த்தேக்கம் ஊர்களையும் பழைய நெடுஞ்சாலையையும் விழுங்கியது. வடகரையின் 44,000 ஏக்கர் பூங்காவோடு சேர்ந்தது. மூழ்கிய சாலைக்காக வாங்கிய கடன் கவுண்டியின் தலையில் நின்றது. போர் முடிந்தபின் வடகரையில் புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943-இல் அரசு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. ஏறத்தாழ ஆறு மைல் போட்டு, 1,200 அடி நீளச் சுரங்கம் ஒன்றையும் குடைந்தபின், 1970-களின் தொடக்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். எங்கும் போய்ச் சேராத சாலை என்பதே ஊரார் அதற்கு இட்ட பெயர். வடகரை மண்ணில் புதைத்த பெற்றோரின் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் பூங்காத் துறையின் படகில் ஏரியைக் கடக்க வேண்டிய நிலை வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வந்தது.

பூங்கா வந்திராவிட்டால் இந்த மலைகள் மொட்டையாகவே கிடந்திருக்கும் என்று சொல்வோர் உண்டு. அது நியாயமான வாதம். மரக் கம்பெனிகளின் வேலையைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் காட்டை அழித்தவர்கள் லாபத்தோடு போய்விட, காட்டின் மீட்சிக்கு விலை கொடுத்தவர்கள் நிலத்தில் தங்கியிருந்த எளிய குடும்பங்கள். சாலை போட்டிருந்தால் மலைப்பாறையிலிருந்து கசியும் அமிலம் ஓடைகளைக் கெடுத்திருக்கும் என்பதும் உண்மைதான். அதனால் சாலையை நிறுத்தியது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு ஈடாக 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ளவே அரசு 2010 வரை எடுத்துக்கொண்டதையும், மீதித் தொகை 2018-இல்தான் வந்து சேர்ந்ததையும் எந்த ஓடையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பிராக்டரின் குடும்பங்கள் இழந்த நிலம் முதலில் யாருடையது? இதே கவுண்டியின் பிரைசன் சிட்டிக்கு அருகே இருக்கும் கிட்டுவாவைச் செரோக்கிப் பழங்குடி மக்கள் தங்கள் தாய் ஊராகக் கொண்டாடுகிறார்கள். 1838-இல் அவர்களில் பெரும்பாலோரைப் படை மேற்கே விரட்டியது. மலைகளில் தங்கிவிட்டவர்களின் சந்ததி இன்றும் குவாலா எல்லை எனப்படும் தங்கள் நிலப்பகுதிக்குள் வாழ்கிறது. கிட்டுவாவின் 309 ஏக்கரை 1996-இல் அவர்கள் விலை கொடுத்தே திரும்ப வாங்க வேண்டியிருந்தது. குடியேறிகளின் துயரத்தை இது பொய்யாக்காது. அது இந்த மண்ணின் முதல் துயரமல்ல என்பதை மட்டும் காட்டுகிறது. பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் நெடுங்காலம் செனட்டர் கிளிங்மனின் பெயரைத் தாங்கியிருந்தது. செரோக்கி மக்கள் கேட்டுப் போராடியதால் 2024-இல் குவோஹி என்ற பழைய பெயர் அதற்குத் திரும்பியது.