அமெரிக்க உழவர் குடும்பக் கடிதங்களில் நோய்ச் செய்தி (19ஆம் நூற்றாண்டு)

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியிலிருந்து இண்டியானா, இல்லினாய், மிசௌரி முதலிய உட்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து காடு திருத்திப் பயிரிட்ட உழவர் குடும்பங்கள், பிறந்த ஊரில் விட்டுவந்த உறவினரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில் உடல்நலச் செய்தியே பெரும்பாலும் முதலில் நின்றது. வீட்டார் நலம் என்பதைச் சொல்லி, பெறுவோர் நலம் வேண்டும் வழக்கமான தொடரோடு கடிதம் தொடங்கும். யார் படுக்கையில் கிடக்கிறார், யார் தேறினார், எவ்வீட்டில் பிறப்பு, எவ்வீட்டில் சாவு என்பவை அடுத்து வரும். விளைச்சலும் தானிய விலையும் அதன் பின்னரே இடம்பெறும். வேலைக்கு ஆள் அரிதாகக் கிடைத்த அந்நிலப்பகுதியில் ஒருவர் நோயுற்றாலும் அறுவடை தடைப்பட்டதால், நலச் செய்தியே குடும்பத்தின் பொருளாதாரச் செய்தியாகவும் இருந்தது.

கடிதம் எளிதில் அனுப்பக்கூடியதாக இருக்கவில்லை. 1845க்கு முன் 400 மைலுக்கு அப்பால் செல்லும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 25 சென்ட் கட்டணம். இரண்டு தாளாயின் இரு மடங்கு. அதையும் பெறுபவரே செலுத்துவது வழக்கம். எனவே தாள் நிரம்பிய பின் அதைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மீண்டும் எழுதும் பழக்கம் பரவியிருந்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட் எனக் கட்டணத்தைக் குறைத்தது. 1851இல் முன்கூட்டிச் செலுத்தினால் 3,000 மைல் வரை 3 சென்ட் போதுமானதாயிற்று.

இக்கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் நோய், இன்று மலேரியா எனப்படும் முறைக்காய்ச்சல் ஆகும். கோடையின் பிற்பகுதியில் ஆற்றோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் அது மிகுந்தது. பல் கிட்டும் குளிர், அதன் பின் கடும் சூடு, பின்னர் வியர்வை என்ற ஒழுங்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அது வந்ததால், நடுக்கம் வராத நாளில் உழவும் அறுப்பும் வைத்துக்கொண்டு, வரும் நாளைப் படுக்கைக்கு ஒதுக்கினர். சேற்றிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என மருத்துவர்களும் நம்பினர். நோயுயிரியை லாவரான் கண்டது 1880இல்தான், கொசுவின் உடலில் அதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். இரத்தம் வடிப்பதும், கலோமெல் எனும் பாதரச உப்பை ஈறு புண்ணாகிப் பல் உதிருமளவுக்குக் கொடுப்பதும் அக்கால மருத்துவமாக இருந்தன. அந்நிலையில் மிசௌரியின் மருத்துவர் ஜான் சாப்பிங்டன் 1832 முதல் கொயினா கலந்த மாத்திரைகளை விற்கத் தொடங்கினார்; தம் விற்பனைக்கே ஊறு நேரும் என்றறிந்தும், 1844இல் வெளியிட்ட காய்ச்சல் பற்றிய நூலில் அவற்றின் செய்முறையை அனைவரும் அறிய வெளியிட்டது பெருமைக்குரிய செயலாகும்.

பால் நோய் இன்னும் அஞ்சத்தக்கதாக இருந்தது. வறட்சியில் மேய்ச்சல் புல் காய்ந்ததும் மாடுகள் காட்டு நிழலில் வளரும் வெண்பூச் செடியொன்றைத் தின்றன. அதன் நஞ்சு பாலில் வெளியேறியதால், கறவை மாடு நோய்க்குறி காட்டாமலிருக்க, அதன் பாலையும் வெண்ணெயையும் உண்ட வீட்டார் வாந்தியும் நடுக்கமும் கண்டு இறந்தனர். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818 அக்டோபரில் இண்டியானாவில் இந்நோயால் இறந்ததாகக் கருதப்படுகிறது. லிங்கனுக்கு அப்போது 9 வயது. சில குடியிருப்புகள் இந்நோய்க்கு அஞ்சியே கைவிடப்பட்டன.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெண்களுடையது. மருத்துவர் தொலைவில் இருந்ததால், 1830இல் வெளிவந்த ஜான் கன்னின் வீட்டு மருத்துவ நூல் போன்றவையும் மூலிகைக் கஷாயங்களும் கைகொடுத்தன. அண்டை வீட்டார் முறைவைத்து இரவு கண்விழித்தனர். இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தியதும் அவ்வீட்டு, அண்டை வீட்டுப் பெண்களே. பண்ணைக் கணக்கேடுகள் இவ்வுழைப்பைப் பெரும்பாலும் பதிவதில்லை. அதை நாள்வாரியாக, இன்ன இரவு யார் விழித்தார், நோயாளி எத்தனை வாய்க் கஞ்சி குடித்தார் என்னும் அளவுக்குச் சொல்வன கடிதங்களே. வரலாற்றாசிரியருக்கு அவற்றின் மதிப்பு முதன்மையாக இதில்தான் உள்ளது.

தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் ஆகியவை ஒரே வாரத்தில் ஒரு வீட்டின் பல குழந்தைகளைக் கொண்டுசென்றதுண்டு. அத்தகைய சாவைத் தெரிவிக்கும் கடிதம், கடைசி நாளின் நோய்க்குறிகளையும் பேச்சையும் விரிவாக எழுதி, சில வேளைகளில் இறந்தவரின் ஒரு கொத்து முடியையும் உள்ளே வைத்துச் சென்றது. தொலைவிலிருந்து வந்து சேர முடியாதவருக்குச் சாவுக்கட்டிலின் அருகில் இருக்கும் வாய்ப்பை அளிப்பதே அதன் நோக்கம். செய்தி வாரக்கணக்கில் தாமதித்ததால், நோய் பற்றிய கடிதம் கைக்கு வரும்போது நோயாளி எழுந்து வேலைக்குப் போயிருக்கலாம், அல்லது அடக்கமே முடிந்திருக்கலாம். 1896இல் நாட்டுப்புற வீடுகளுக்குக் கட்டணமின்றித் தபாலைக் கொண்டுசேர்க்கும் சேவை சோதனை முறையில் தொடங்கும் வரை, அக்கடிதத்தைப் பெறவும் உழவர் தபால் நிலையம் வரை செல்ல வேண்டியிருந்தது.