தலைக்கூத்தல்

தலைக்கூத்தல் என்பது நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் முதியோரை அவர்தம் குடும்பத்தினரே இறக்கச் செய்யும் வழக்கம் ஆகும். தமிழ்நாட்டின் விருதுநகர், மதுரை, தூத்துக்குடி மாவட்டங்களில் இது நடைபெற்றதாகச் செய்திகள் வெளிவந்துள்ளன. விளாத்திகுளம், கோவில்பட்டி முதல் விருதுநகர் வரையிலான கரிசல் வட்டாரம் இதனுடன் சேர்த்துப் பேசப்படுகிறது. மானாவாரி வேளாண்மையையும் தினக்கூலியையும் நம்பிய குடும்பங்களில், படுத்த படுக்கையானவரைக் கவனிக்க ஒருவர் வீட்டிலிருந்தால் அவரது கூலி நின்றுவிடும்.

முறை

தலைக்கு ஊற்றுதல் என்பதே பேச்சுவழக்கில் இவ்வாறு திரிந்தது எனக் கருதப்படுகிறது. அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் மிகுதியாகப் புகட்டுவர். நலிந்த உடல் இதைத் தாங்காது. காய்ச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்பட்டு ஓரிரு நாட்களில் இறப்பு நேரும். மருத்துவத் தகுதியற்றோர் வீட்டிற்கே வந்து ஊசி போடுவதும் உண்டு எனக் கூறப்படுகிறது. இதனைக் கருணைக் கொலை என்று எழுதுவோர் உளர். ஆனால் முதியவரின் சம்மதம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை என்பதால் அச்சொல் பொருந்தாது.

2010 இல் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயது முதியவர் ஒருவர், தம் நிலத்தைப் பங்கிடுவது குறித்துக் குடும்பத்தார் பேசியதைக் கேட்டு வெளியேறி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதன் பின்னரே இவ்வழக்கம் பரவலாக வெளியே தெரியவந்தது.

கண்டறிவதில் உள்ள சிக்கல்

சிற்றூர்களில் வீட்டில் நிகழும் இறப்பு, குடும்பத்தார் தரும் தகவலின் பேரில் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவாகிறது. யாரும் ஐயம் எழுப்பாவிடில் பிரேதப் பரிசோதனை இல்லை. உடலும் விரைவில் எரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் தம்மிடம் வந்த முதியோரைக் கொன்ற மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மன், இறப்புச் சான்றிதழ்களைத் தாமே வழங்கியதால் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 2000 இல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட அவர், மொத்தம் 215 பேரைக் கொன்றதாக 2002 இல் விசாரணைக் குழு அறிவித்தது. போலி உயில் ஒன்றைக் கண்டு இறந்தவரின் மகள் ஐயுற்றதே அவர் சிக்கக் காரணம். தலைக்கூத்தலிலோ ஐயுற வேண்டிய பிள்ளைகளே அதனைச் செய்விக்கின்றனர்.

சட்ட நிலை

இது இந்தியச் சட்டப்படி கொலையே. 2018 இல் உச்ச நீதிமன்றம், மீள இயலாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த மட்டுமே நிபந்தனைகளுடன் அனுமதித்தது. பெற்றோரைக் கைவிடுவதைத் தண்டிக்கும் 2007 ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், வீட்டிலேயே நிகழும் இவ்விறப்புகளைத் தனியாகக் குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் உள்ளோருக்கு வீட்டிலேயே நோய்த் தணிப்புச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது.

திரைப்படங்கள்

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய பாரம் (சிறந்த தமிழ்ப்படத்திற்கான 66ஆவது தேசிய விருது), மதுமிதாவின் கே.டி. (எ) கருப்புதுரை (2019), ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் தலைக்கூத்தல் (2023) ஆகியவை இதனைக் கருவாகக் கொண்டவை.