உட்செவிப் படிமமாக்கமும் ஆய்வு நிதியும்

உட்செவிப் படிமமாக்கம் என்பது காதை அறுக்காமல் உட்செவியின் வடிவத்தையும் அதன் நரம்புகளையும் படமாகக் காணும் மருத்துவ முறை. உயிருள்ளவரின் உட்செவியைச் செல் அளவில் காண்பது இத்துறையில் இன்னும் கைகூடாத இலக்கு.

அமைப்பும் தடையும்

உட்செவி பொட்டெலும்பின் மிகக் கடினமான பகுதிக்குள் புதைந்திருக்கிறது. அங்கே இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும், கேட்கும் உறுப்பான காக்ளியாவின் அடி அகலம் ஏறத்தாழ 9 மி.மீ. அதிலுள்ள, ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. ஒரு மயிர்ச்செல்லின் அகலம் 0.01 மி.மீ. அளவே, மருத்துவமனை ஸ்கேன்கள் பிரித்துக்காட்டுவதோ அரை மி.மீ. அளவு வரை. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கவும் வழியில்லை. எடுத்தால் கேட்கும் திறனே கெடும். செல் அளவிலான அறிவு பெரும்பாலும், இறந்தோரின் பொட்டெலும்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துத் திரட்டப்பட்டது.

இன்றைய முறைகள்

சி.டி. ஸ்கேன் எலும்பின் அமைப்பையும், எம்.ஆர்.ஐ. திரவத்தையும் நரம்பையும் காட்டுகின்றன. கேட்கும் நரம்பை மின்தூண்டலால் இயக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துமுன் செவிநரம்புக் குழாயின் குறுக்குவெட்டுப் படத்தில் நான்கு புள்ளிகளைத் தேடுவார்கள். முன்புறம் மேலே முகநரம்பு, அதன் கீழே கேட்கும் நரம்பு. பின்புறம் சமநிலை நரம்பின் இரு கிளைகள். கேட்கும் நரம்பின் புள்ளி இல்லையென்றால் கருவியின் பயன் ஐயத்துக்குரியது. தலைச்சுற்றலும் கேட்கும் குறையும் தரும் மெனியர் நோயில் உட்செவித் திரவம் மிகுவதை, கடோலினியம் என்னும் படத்தைத் தெளிவாக்கும் மருந்தைச் செலுத்திச் சில மணி நேரம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம். துகள் முடுக்கியான சிங்க்ரோட்ரான் தரும் எக்ஸ் கதிர் செல் அளவை நெருங்கினாலும், கதிர்வீச்சு மிகுதியால் தானமாகக் கிடைத்த எலும்புகளுக்கே ஏற்றது.

நிதி

அமெரிக்காவில் காது, பேச்சு ஆய்வுகளுக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்று 1988இல் உருவானது. இந்தியாவில் மருத்துவ ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நிதி வழங்குகிறது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையும் அமைந்தது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1960களிலிருந்து இயங்குகிறது. சிகிச்சைக்கான பணம் வேறு வழியில் வருகிறது: தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது.

செல் அளவுப் படிமமாக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நன்கொடையோடு வளர்ந்தது. 2024 டிசம்பரில் அது வெளியிட்ட ‘தரணி’ என்னும் கரு மூளைப் படத்தொகுப்பு 5,132 சீவல்களால் ஆனது. பொட்டெலும்புக்கு இந்தச் சீவல் முறையைக் கையாள முதலில் எலும்பின் சுண்ணாம்பை நீக்க வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

பெருநகரங்களுக்கு வெளியே நிலைமை வேறு. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. ஸ்கேன் வசதி எட்டாத இத்தகைய ஊர்களுக்குப் பொருந்தும் முதற்படி, காது எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்யும் ஓ.ஏ.இ. சோதனை. 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தபடி, நலமான மயிர்ச்செல்கள் ஒலிக்கு மறுமொழியாகத் தாமும் மெல்லிய ஒலியை எழுப்பும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு செருகியை வைத்து அதைப் பதிவுசெய்வார்கள். செல் கெட்டதா என்பதை இது படமின்றியே மறைமுகமாக உணர்த்தும். எந்த இடத்தில், எத்தனை செல்கள் என்பதைச் சொல்லாது. நரம்பில் மட்டும் குறை இருந்தால் இச்சோதனை அதைத் தவறவிடும். இச்சோதனை விட்டுவைக்கும் இந்த இடைவெளியை நிரப்பவே படிமமாக்க ஆய்வுக்கு நிதி கேட்கப்படுகிறது.