ஒன்பதாவது அசை

1950களில் ஹங்கேரிய சமூகவியலாளர் ஷாண்டோர் ஸலாய் குழந்தைகளுக்கிடையிலான நட்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருபது பேர் அளவில் எந்தக் குழுவை எடுத்தாலும், ஒருவருக்கொருவர் நண்பர்களான நால்வரோ, தம்முள் நட்பே இல்லாத நால்வரோ அகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறொருவராயிருந்தால் குழந்தை மனம் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருப்பார். நம் விமர்சகர்கள் இதைவிடக் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு எழுதியதுண்டு. ஸலாய் சந்தேகப்பட்டார். பால் ஏர்டோஷ், பால் தூரான், வெரா ஷோஷ் என்ற மூன்று கணித அறிஞர்களிடம் கேட்டார். அவர் கண்டது குழந்தைகளின் குணமல்ல, எண்ணிக்கையின் குணம். பதினெட்டுப் புள்ளிகளை எடுத்து, ஒவ்வொரு இரண்டையும் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு கோட்டால் இணைத்தால், எப்படி வண்ணமிட்டாலும், தம்முள் ஒரே நிறத்தில் இணைந்த நான்கு புள்ளிகள் இருந்தே தீரும். பதினேழுக்கு இந்த நிர்ப்பந்தம் கிடையாது.

மூவருக்கு ஆறு பேர் போதும். ஆறு பேரில் ஒருவரை எடுங்கள். மற்ற ஐவரில் அவருக்குத் தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ குறைந்தது மூவர் இருப்பார்கள். தெரிந்தவர்கள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். அம்மூவரில் யாரேனும் இருவர் அறிமுகமானவர்கள் என்றால் நம் ஆளோடு சேர்த்து மூவராயிற்று. ஒருவரும் அறிமுகமில்லையென்றால் அந்த மூவரே போதும். தெரியாதவர்கள் மூவர் என்றாலும் இதே வாதம்தான். இவ்வளவு எளிதாகத் தொடங்கும் விஷயம் ஐவருக்கு வந்ததும் மூச்சுத் திணறுகிறது. 43 பேருக்குக் குறையாது, 46 பேருக்கு மேல் போகாது என்பதுவரைதான் தெரியும். அந்த 46கூட 2024-ல்தான் கிடைத்தது.

இதன் மூலத் தேற்றம் ஃபிராங்க் ராம்ஸேயுடையது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் விட்கென்ஸ்டைனின் 'டிராக்டேட்டஸ்' நூலை ஆங்கிலமாக்கிய கேம்பிரிட்ஜ்காரர். 1928 டிசம்பரில் லண்டன் கணிதக் கழகத்தில் வாசிக்கப்பட்ட தர்க்கவியல் கட்டுரையொன்றில், வேறொன்றை நிறுவுவதற்குப் படிக்கல்லாக மட்டுமே இதை வைத்தார். கட்டுரை 1930-ல் அச்சேறியது. அவ்வருடம் ஜனவரி 19-ல் இருபத்தாறு வயதில் இறந்தார். அவர் போக நினைத்த வீட்டை இன்று தர்க்கவியலாளர்கள் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. படிக்கல்லின்மேல் ஒரு துறையே குடியிருக்கிறது.

அதே சமயம் பூடாபெஸ்ட் நகரப் பூங்காவில், பேலா மன்னனின் பெயர் தெரியாத வரலாற்றாசிரியனுடைய சிலையடியில் இளைஞர் கூட்டமொன்று கூடிக்கொண்டிருந்தது. முக்காட்டுக்குள் முகமும் சரியாகத் தெரியாத சிலை அது. கூடியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். 1920-ன் சட்டம் அவர்களுக்குப் பல்கலைக்கழக இடங்களைக் குறுக்கியிருந்தது. சம்பளம் தராத கணக்குகளைப் போட அவர்களுக்குப் பொழுது இருந்தது. 1932-33 குளிர்காலத்தில் எஸ்தர் கிளைன் ஒன்றைச் சொன்னார்: எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத ஐந்து புள்ளிகளில், குழிவில்லாத நாற்கரமாகும் நான்கு நிச்சயம் உண்டு. ரசாயனம் படித்த ஜார்ஜ் ஸெகெரெஷ் இதை விரிக்கப் போய், ராம்ஸேயை அறியாமலே ராம்ஸேயின் தேற்றத்தை மீண்டும் கண்டடைந்தார். ஏர்டோஷும் அவரும் சேர்ந்து 1935-ல் எழுதினார்கள். ஸெகெரெஷும் எஸ்தரும் 1937-ல் மணந்துகொண்டதால் ஏர்டோஷ் இதற்குச் 'சுபமுடிவுக் கணக்கு' என்று பெயரிட்டார். தம்பதி ஷாங்காய்க்குத் தப்பி, பிறகு ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து, 2005 ஆகஸ்ட் 28-ல் ஒரே நாளில் இறந்தார்கள். தூரானுக்கு அவ்வளவு பாக்கியமில்லை. போர்க்காலக் கட்டாய உழைப்பில் செங்கல் வண்டி தள்ளிக்கொண்டு, தண்டவாளங்கள் எத்தனை இடத்தில் ஒன்றையொன்று வெட்டியே தீரும் என்று யோசித்தார். அந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் இல்லை.

விமர்சகனுக்கு இதில் என்ன வேலை? 1927-ல் வான் டெர் வேர்டன் இதன் உறவுக்காரத் தேற்றமொன்றை வெளியிட்டார். அது நம் யாப்பையே தொடுகிறது. நேர்பு, நிரைபை ஒதுக்கினால் நம்மிடம் இருப்பவை நேர், நிரை என்ற இரண்டே அசைகள். சம இடைவெளியில் ஒரே அசை மூன்றுமுறை வராமல் எழுதிப் பாருங்கள்: நேர் நேர் நிரை நிரை நேர் நேர் நிரை நிரை. எட்டு அசைவரை தப்பலாம். ஒன்பதாவதாக நேர் வைத்தால் 1, 5, 9 ஒன்றாகிவிடும். நிரை வைத்தால் 7, 8, 9. வேறெப்படித் தொடங்கினாலும் ஒன்பதைத் தாண்ட முடியாது. நான்குமுறை வராமலிருக்க வேண்டுமென்றால் 34 வரை ஓடலாம், 35-ல் பிடிபடுவோம். இப்படி விழுந்த மூன்று நேரசையில் கவிஞனின் தவிப்பைக் காண்கிற விமர்சனம் எந்த எண்ணெய் விளம்பரத்திலும் அதே தவிப்பைக் காண வேண்டியிருக்கும். கணக்கு எண்ணில் ராசி பார்க்கும் வாடிக்கையாளர்களை வங்கிக் கவுன்டரில் தினமும் பார்க்கிறவன் நான். அந்த விமர்சனம் அவர்களிடமிருந்து வெகு தூரத்தில் இல்லை.

கணிப்பொறி வந்தபின் இந்த நோய் விஞ்ஞானத்தையும் பிடித்திருக்கிறது. தரவு பெருகப் பெருகப் பொருளற்ற தொடர்புகள் அதில் இருந்தே தீரும் என்று கலூதேயும் லோங்கோவும் 2017-ல் வெளிவந்த கட்டுரையில் இந்தத் தேற்றங்களைக் கொண்டே காட்டினார்கள்.

ஆனால் இதிலிருந்து எல்லா ஒழுங்கும் பிரமை என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். பத்து லட்சம் புள்ளிகளை இரண்டு நிறத்தில் இணைத்தால் பன்னிரண்டு புள்ளிகளின் ஒருநிறக் கூட்டம் நிச்சயம். நாற்பதின் கூட்டம் ஒன்றுகூட இல்லாமலும் வண்ணமிட முடியும். ஆகவே நூறு கொண்ட கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால் எண்ணிக்கை அதைத் திணிக்கவில்லை. காரணம் தேட நமக்கு உரிமையுண்டு. கவிதையிலும் நிர்ப்பந்தத்தைக் கழித்தபின் மிஞ்சுவதையே உருவம் என்று பேசலாம் என்பது என் கட்சி.

நாற்பதைத் தவிர்க்கலாம் என்பதன் வழி 1947-ல் ஏர்டோஷ் கண்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டிவிடு. பூ விழுந்தால் சிவப்பு, தலை விழுந்தால் நீலம். பெரும்பாலான சுண்டல்களில் நாற்பதின் கூட்டம் வரவே வராது. இப்படிப்பட்ட வண்ணமிடல்கள் ஏராளம் என்று, ஒன்றைக்கூட வரைந்து காட்டாமல் நிரூபித்துவிட்டார். ஒழுங்கை உதறிவிட்டதாக அறிவிக்கும் நம் வசனகவிதைக்காரர்கள் இதன் பின்கதையையும் கேட்க வேண்டும். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாகியும், நாணயம் யோசிக்காமல் செய்கிற அளவுக்கு ஒழுங்கு குறைந்த ஒன்றை, விதி வகுத்துத் திட்டமிட்டுக் கட்ட யாராலும் முடியவில்லை.