பிணத்தருகே முதலில் வந்து நின்றவர்

மேல்மலையனூர் என்றாலே அங்காளம்மன்தான். அமாவாசை நடுராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டத்தைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாசியில் மயானக்கொள்ளை. அம்மன் சுடுகாட்டுக்கே போய்க் கொள்ளையிட்டு வருகிறாள். சாவைக் கண்டு ஒதுங்காத சாமி!

மனிதர்கள் விஷயம் வேறு. பாடையில் ஏற்றுவதற்கு முன்னால் சில சாவுகளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இது தானாக வந்த சாவா, இல்லையா? கிணற்றில் மிதந்தவர், புளியமரத்தில் தொங்கியவர், பூச்சிமருந்து குடித்தவர், ஏரிக்கரையில் யாரென்றே தெரியாமல் கிடந்தவர்... இவர்களுக்காக ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டி எழுப்பப்பட்டவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருந்தார். அவர் டாக்டர் அல்ல, போலீசும் அல்ல. ஊர் மணியக்காரர், அதாவது கிராம முன்சீப்.

ஆங்கிலப் படங்களில் 'கரோனர்' என்று ஒருவர் வருவார். இங்கிலாந்தில் 1194-ல் தொடங்கிய வேலை அது. அப்போது அரசனுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முக்கியக் கடமை. பிணம் விழுந்த இடத்தில் அபராதமோ சொத்துப் பறிமுதலோ வரும் என்பதால் பிணத்தையும் அவர் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் இந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். 1871-ல் கரோனர் சட்டம் வந்தது. ஆனால் அது பெருநகரங்களோடு சரி. சென்னையின் கரோனர் பதவியும் 1889-ல் ஒழிக்கப்பட்டது. மும்பையில் மட்டும் 1999 வரை இழுத்துக்கொண்டு போனது.

சென்னைக்கு இதில் இன்னொரு பழைய பெருமையும் உண்டு. இந்தியாவில் பதிவான முதல் மருத்துவ-சட்டப் பிரேதப் பரிசோதனை 1693-ல் புனித ஜார்ஜ் கோட்டையில்தான் நடந்தது. கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் மருந்து சாப்பிட்டதும் இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர். ஆர்சனிக் அரைத்த கல்வத்தைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே மருந்தையும் அரைத்துவிட்டார்களாம்! மருந்து கொடுத்த டாக்டர் சாமுவேல் பிரவுன் மேல் வழக்கு வந்து பிறகு விடுதலையானார்.

கோட்டைக்குள் வெள்ளைக்காரர் செத்தால் டாக்டர். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூலிக்காரர் செத்தால்?

1801-ல் தென்னாற்காடு கம்பெனி கைக்கு வந்தது. 1816-ஆம் ஆண்டின் 11-வது ரெகுலேஷன் ஊர்த் தலைவரையே கிராமத்துப் போலீசாக்கியது. தாசில்தார் அவருக்கு மேல் போலீஸ் அதிகாரி, கலெக்டர் அதற்கும் மேல் மாஜிஸ்திரேட். கவனியுங்கள், வரி வசூலிப்பவரும் இவர்கள்தான், குற்றத்தைத் துப்புத்துலக்குபவரும் இவர்கள்தான். கிஸ்தி கட்டாதவனை வெயிலில் குனிய வைத்து முதுகில் கல்லேற்றிவிட்டு, அவன் செத்தால் காய்ச்சலில் செத்தான் என்று எழுதவும் இவர்களால் முடியும். 1855-ல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் அடங்கிய சித்திரவதை விசாரணைக் கமிஷன் சென்னை மாகாணம் முழுக்க நடந்த கொடுமைகளை எழுதி வைத்தது. அதன் பின்னர்தான் 1859-ல் போலீஸ் தனி இலாகாவானது.

தனிப் போலீஸ் வந்தும் மணியக்காரர் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-வது பிரிவில், சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கு மட்டும் ஒரு தனி வரி வைத்தது. அங்கே பிரேத விசாரணையைக் கிராமத் தலைவரே செய்யலாம், செய்துவிட்டு மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். காரணம் சுலபம். போலீஸ் ஸ்டேஷன் பல மைல் தள்ளி, பாதையோ வண்டிப்பாதை, வெயிலோ தென்னாற்காட்டு வெயில். பிணம் காத்திருக்காது.

தகவல் வந்ததும் தலையாரி போய்க் காவல் நிற்பார், நாய் நரி நெருங்காமல் விடிய விடிய. மணியக்காரர் ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டுவார். எழுதுவதற்குக் கர்ணம். உடலைத் தொட்டுப் புரட்டிக் காயங்களைக் காட்டுவது வெட்டியான். பார்த்தவர் ஒருவர், தொட்டவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர்! சாதி அடுக்கு பிணத்தைச் சுற்றியும் அப்படியே நின்றது. மணியம் பரம்பரைப் பதவி, பெரும்பாலும் நிலமுள்ள சாதியிடம். சேரியில் ஒருவர் செத்து, சந்தேகம் அந்த நிலக்காரர்கள் மேலேயே இருந்தால், பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடுபவர்கள் யாராக இருப்பார்கள்? எல்லா மணியக்காரரும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்லவராக இருப்பதை மட்டுமே நம்பி ஓடிய ஏற்பாடு இது.

1973-ல் வந்த புதிய சட்டம் அந்தத் தனி வரியை விட்டுவிட்டது. விசாரணை போலீஸ் வேலையானது. 1980 நவம்பர் 14-ல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் முன்சீப், கர்ணம் என்று ஏறக்குறைய 23 ஆயிரம் பகுதிநேரப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1982-ல் அரசு பக்கமே தீர்ப்பானது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்தவர்தான் நாம் அறிந்த வி.ஏ.ஓ.

வி.ஏ.ஓ. பிரேத விசாரணை நடத்துவதில்லை. ஆனாலும் சாவு அவரை விடவில்லை. கிராமத்தில் பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்தான். சந்தேகச் சாவைப் போலீசுக்குச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். "அடையாளம் தெரியாத ஆண் பிணம், வி.ஏ.ஓ. கொடுத்த புகாரின் பேரில்..." என்று பேப்பரில் வாரம் ஒரு செய்தியாவது படித்திருப்பீர்கள். கேட்க நாதியற்றவருக்காகப் புகார் கொடுப்பது அவர்தான். போனில் ஸ்டேஷனுக்குச் சொல்வார், எஸ்.ஐ. வருவார், பஞ்சாயத்தார் முன்னிலையில் காயம், உடை, கிடந்த நிலை எல்லாம் எழுதப்படும். பிறகு உடல் செஞ்சிக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ போகும்.

இந்த முதல் காகிதம் எவ்வளவு சின்னது என்பதையும் சொல்ல வேண்டும். குத்தியது யார், எதற்காக என்பதெல்லாம் அதில் வர வேண்டியதில்லை, சாவுக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் போதும் என்று 1975-ல் பெத்த நாராயணா வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. சில சாவுகளுக்குப் போலீஸ் காகிதம் போதாது என்பதையும் சட்டம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண்ணென்றால் கட்டாயப் பிரேதப் பரிசோதனை, கூடவே ஆர்.டி.ஓ. விசாரணை, அந்தத் திருத்தம் 1983-ல். லாக்கப்பில் செத்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். இது 2005-ல் நிறைவேறி 2006-ல் அமலானது. 1855 கமிஷனிலிருந்து கணக்குப் போட்டால் 150 வருஷம்! 2020-ல் சாத்தான்குளம் தந்தை-மகன் சாவில் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் போனது இந்தப் பிரிவினால்தான்.

சூரியன் மறைந்தால் பிரேதப் பரிசோதனை கிடையாது என்ற வெள்ளைக்காரன் காலத்து வழக்கத்தை மத்திய அரசு 2021 நவம்பரில் தளர்த்தியது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேகச் சாவுக்கு இன்னும் பகல்தான், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய. ஆக, மருத்துவமனை வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் குறையவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இது 194-வது பிரிவு. அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும்.

அந்த 24 மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, 2019 வரை இதே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி சாட்சி. 2024 ஜூன் 19 காலையில் கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு. சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள், அந்த மறுப்பை நம்பி வயிற்றுவலியோடு வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். குடித்தது மெத்தனால். இறந்தவர்கள் 60-க்கும் மேல். கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.-க்குக் கொடுத்தது.