கொடுமை: கோணிப்போன கோலின் கதை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில், செட்டிக்குளத்துக்கு அருகே, 15 முதல் 20 அடி உயரமுள்ள ஒரு பாறை நிற்கிறது. அதன் நடுவே இயற்கையாகவே ஒரு துளை. அடிப்பக்கத்தைக் கட்டி அடைத்து, மேலே வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பார்வைக்கு நீரில்லாத கிணறு. மரண தண்டனை பெற்றவர்களை இதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கைதிகள் கிணறு என்ற பெயரும் அதனால்தான். கேட்ட மாத்திரத்தில் தமிழர் வாயில் வரும் சொல் ‘கொடுமை’.

அந்தச் சொல்லின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘கொடு’ என்றால் வளைந்தது. கொடுவாள் வளைந்த வாள். கோயில் மண்டபக் கூரையின் விளிம்பு வளைந்து இறங்கும் இடம் கொடுங்கை. செந்தமிழுக்கு மாறானதை இலக்கணிகள் கொடுந்தமிழ் என்றார்கள். அதைப் பேசியவர்கள் இரக்கமற்றவர்கள் என்பதல்ல பொருள். செம்மையான வழக்கிலிருந்து திரிந்தது என்பதே பொருள். இந்த வளைவிலிருந்தே கொடுமை பிறந்தது என்பது தமிழறிஞர் பலரின் கொள்கை.

இரண்டையும் இணைக்கும் பாலம் கொடுங்கோல். நிமிர்ந்த கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. இந்த வழியில் பார்த்தால் கொடுமைக்குக் கோபம் வேண்டாம், ரத்தம் வேண்டாம். நீதி கோணினால் போதும். சிரித்த முகத்தோடு, சட்டப்படியே, ஒருவர் கொடுமை செய்துவிட முடியும். இவ்வளவு கூர்மையான பொருளைப் பொதித்து வைத்திருந்த சொல் அது.

கடுமை வேறு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராமின் படை, வெளியே முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் படை. முற்றுகையிட்டவர்களே தானியமின்றித் தவித்த காலமும் உண்டு. அவர்கள் பட்டது கடுமை. கிணற்றுக்குள் தள்ளப்பட்டவன் பட்டது கொடுமை. பசி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பின்னதில், அந்தப் பசியை ஒருவர் உத்தரவு போட்டு இன்னொருவர்மேல் சுமத்துகிறார்.

குறளில் இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால், 58ஆவதாகக் கண்ணோட்டம் வருகிறது. இன்று ‘என் கண்ணோட்டத்தில்’ என்று கருத்துச் சொல்லப் பயன்படும் இச்சொல்லுக்கு அங்கே பொருள் இரக்கம். அடுத்தவர் துன்பத்தின் மேல் கண் ஓடுவது கண்ணோட்டம். ஓட மறுக்கும் கண் வன்கண். வியப்பு என்னவென்றால், அமைச்சு அதிகாரத்தில் இதே வன்கண் மன உறுதியைக் குறித்து, அமைச்சனுக்கு வேண்டிய பண்பாக நிற்கிறது. உறுதிக்கும் இரக்கமின்மைக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்தக் காலத்துத் தமிழ் அறிந்திருந்தது.

குரூரம் வடமொழியிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது பச்சை மாமிசம், ரத்தம். ஆங்கிலத்தின் ‘குரூயல்’ லத்தீன் வழியாக அதே தொல்வேரிலிருந்து கிளைத்தது; செஞ்சியில் ‘குரூரம்’ என்பவரும் லண்டனில் ‘குரூயல்’ என்பவரும் ஒரே பழஞ்சொல்லைத்தான் உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்தின் மற்றச் சொற்கள் வேறுவேறு திசையைக் காட்டும். ‘சேவேஜ்’ காட்டிலிருந்து வந்தது. ‘அன்கைண்ட்’ உறவைக் குறிக்கும் சொல்லின் எதிர்மறை. சொந்தத்தாரைப் போல நடத்தாதது. தமிழ் இந்த இடத்தில் உறவைச் சொல்லாமல் ஈரத்தைச் சொல்கிறது: நெஞ்சில் ஈரமில்லாதவன். மழை பொய்த்த ஊர்களில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்களே, அந்தச் சடங்குக்குப் பின்னாலும் இந்த எண்ணம்தான்: பாவம் மிகுந்தால் வானமும் வறண்டுபோகும். இப்போது கொடும்பாவியை எரிப்பது அரசியல் கட்சிகளின் வேலை.

இக்காலத்தில் பிறந்த வலுவான சொல் வன்கொடுமை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989இல் வந்தது. வரதட்சணைக் கொடுமையும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1983இல், தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவாக ஏறிவிட்டது. இங்கெல்லாம் கொடுமை தன் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறது: வலியவர் எளியவர்மேல் நிகழ்த்தும் அநீதி.

ஆனால் வெயிலும் கொடுமை, நெரிசலும் கொடுமை, பிடிக்காத சினிமாவும் கொடுமை என்று நாளெல்லாம் சொல்லித் தேய்த்துவிட்டோம். வெயிலுக்குக் கடுமை போதும். நெரிசலுக்குத் தொல்லை போதும். செய்தி எழுதுவோரும் தலைப்பு வைப்போரும் கொடுமை என்று எழுதும்போது, அங்கே யாருடைய கோல் வளைந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.