சன்னல் வைத்த சிப்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிப் மறக்காது. மற்றவையெல்லாம் கறுப்பாக, ஒரே அச்சில் வரிசைகட்டி நிற்க, ஒன்று மட்டும் பீங்கான் உடம்போடு, நடுவில் வட்டமான ஒரு சன்னலோடு இருக்கும். சன்னலின் மேல் பெரும்பாலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிடாதீர்கள். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

அதன் பெயர் ஈப்ராம். எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். மின்சாரம் நின்றாலும் எழுதியது நிற்கும். அது பிறந்தது ஒரு பழுதிலிருந்து.

1969-ல் கலிபோர்னியாவில் இன்டெல்லுக்கு ஒரு வயது. பெர்க்லியில் முனைவர் பட்டம் முடித்த டோவ் ஃப்ரோமன் அந்த ஆண்டுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1939-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதர். நாஜிகள் ஆண்ட நாட்களில் பெற்றோர் அவரை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் காப்பாற்றினார்கள், ஆனால் பெற்றோர் தப்பவில்லை. குழந்தை வளர்ந்து, 1949-ல் இஸ்ரேல் போய், டெக்னியானில் படித்து, அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தது.

இன்டெல்லின் 1101 என்ற 256 பிட் நினைவகம் அப்போது சொன்ன பேச்சைக் கேட்காமல் படுத்திக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடும் வேலை ஃப்ரோமனுக்கு. தேடியவர், சில டிரான்சிஸ்டர்களில் கேட் என்னும் பகுதி எதனோடும் இணைப்பில்லாமல் மிதந்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வந்தார். கேட் என்பது குழாயின் திருகு மாதிரி. அதில் இருக்கும் மின்னூட்டத்தைப் பொறுத்தே டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும், நிற்கும். அந்தத் திருகு துண்டாகி, சுற்றிலும் சிலிக்கான் ஆக்சைடு என்ற கண்ணாடிக்குள் அடைபட்டால், அதில் ஏறிய எலக்ட்ரான்கள் வெளியேற வழியில்லை. நாலு பக்கமும் அகழி வெட்டிய கோட்டைக்குள் சிக்கியவர்களைப் போல அங்கேயே கிடக்கும்.

வேறொருவராக இருந்தால் பழுதைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஃப்ரோமன், இப்படி மின்னூட்டத்தைப் பிடித்துவைக்க முடியுமானால் அதையே நினைவாக்கலாமே என்று யோசித்தார். பெருமையைப் பங்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்: மிதக்கும் கேட் என்ற கருத்தை 1967-லேயே பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் சீயும் வெளியிட்டிருந்தார்கள். அதைக் கடையில் விற்கும் பொருளாக்கியது ஃப்ரோமனின் வேலை. 16 பிட்டுகள் கொண்ட ஒரு மாதிரியை, சிவப்பு விளக்குகளோடு, இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூரின் அறைக்கே தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினார். 1971 பிப்ரவரியில் பிலடெல்பியா மாநாட்டில் உலகுக்குச் சொன்னார். அந்த ஆண்டு வந்த 1702 சிப்பின் கொள்ளளவு 2048 பிட், அதாவது 256 பைட். இன்றைய யூனிகோடில் நடுத்தர நீளமுள்ள ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதினாலே அது நிரம்பிவிடும்.

அழிப்பதற்குத்தான் சன்னல். 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளி அந்த எலக்ட்ரான்களுக்கு அகழியைத் தாண்டும் தெம்பைக் கொடுக்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விடாது. அதனால் குவார்ட்ஸ் வைத்தார்கள்.

அதே 1971 நவம்பரில் இன்டெல்லின் முதல் மைக்ரோபிராசசர் 4004 விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. நிரல் எழுதுகிறவர் பிழை செய்யாமல் இருக்க முடியாது. தொழிற்சாலையிலேயே பதித்து வரும் ராமில் (ROM) ஒரு பிழையைத் திருத்த வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈப்ராமுக்கு முந்தைய ப்ராமோ ஒரு தடவைதான் எழுதும். 1956-ல் அட்லஸ் ஏவுகணையின் கணினிக்காக வென் சிங் சௌ கண்டுபிடித்தது அது. உள்ளே இருக்கும் இணைப்புகளை அதிக மின்சாரம் பாய்ச்சி நிஜமாகவே எரித்துத்தான் தகவலைப் பதிந்தார்கள். இன்றும் நம் டெக்னீஷியன்கள் ‘சிப்பை பர்ன் பண்ணணும்’ என்கிறார்களே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. ஈப்ராமில் எதுவும் எரிவதில்லை. காலையில் எழுதி, மதியம் பிழை கண்டு, அழித்து, மாலையில் மறுபடி எழுதலாம். மைக்ரோபிராசசருக்கு இணையான முக்கியத்துவம் ஈப்ராமுக்கும் உண்டு என்று மூரே பிற்பாடு சொன்னார். அவர் சொன்னதில் மிகை இல்லை.

எழுதுவதற்குத் தனியாக ஒரு கருவி வேண்டியிருந்தது; அதுதான் ஈப்ராம் புரோகிராமர். எலக்ட்ரான்களைக் கண்ணாடி தாண்டி உள்ளே தள்ள 5 வோல்ட் போதாது. 1702-க்கு 48 வோல்ட்டுக்கு அருகில் வேண்டும். ஒரே 5 வோல்ட்டில் படிக்கக்கூடிய 2716-க்கும் எழுதும்போது 25 வோல்ட். 2732-க்கு 25, அதன் தம்பி 2732ஏ-வுக்கு 21. இன்டெல்லின் 2764-க்கு 21, 2764ஏ-வுக்கு 12.5. பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். அதைக் கவனிக்காமல் 12.5 வோல்ட் சிப்புக்கு 21 வோல்ட் கொடுத்தால் சிப் அந்த நொடியே செத்துப்போகலாம். குறைத்துக் கொடுத்தால் பிட்டுகள் அரைகுறையாக ஏறும். இன்று சரியாகப் படிக்கும், பிறகு காலை வாரும். ஆகவே புரோகிராமர் வாங்குகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன் தன்னிடம் இருக்கும் சிப்புகளின் முழுப் பெயரையும் தயாரிப்பாளரையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணுள்ள சிப்புக்குக்கூட வேறு தயாரிப்பாளர் வேறு வோல்ட் கேட்பதுண்டு.

இன்று பலர் கையில் இருக்கும் டிஎல்866 டூ பிளஸ் என்ற புரோகிராமர் 18 வோல்ட்டோடு நின்றுவிடும். 12.5 வோல்ட் சிப்புகளுக்கு அது நல்ல கருவி. 2716, 2732 போன்றவற்றில் எழுத அதை நம்பக் கூடாது. அதே வழியில் வந்த டி48, 25 வோல்ட் வரை போகும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டி48-ஐ வாங்குங்கள். 2708-இன் கதை தனி. அதற்குப் படிப்பதற்கே +5, –5, +12 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். இந்த யுஎஸ்பி கருவிகள் அதைத் தொடுவதில்லை. பழங்காலப் புரோகிராமரோ, ஆர்வலர்கள் அதற்கென்றே வடிவமைத்த பலகையோதான் கதி. காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அதன் 2364 ராமுக்கு 24 கால்கள், 2764-க்கு 28. நடுவில் ஓர் அடாப்டர் இல்லாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

கருவி வந்ததும் எழுதிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். முதலில் படியுங்கள். கால்களில் படிந்த கறுப்பைத் துடைத்து, நெம்புகோல் வைத்த சாக்கெட்டில் வைத்து, மூன்று முறை படித்து, செக்சம் என்ற கூட்டுத்தொகை மூன்று முறையும் ஒன்றா என்று பாருங்கள். மாறினால் கால் சரியாகத் தொடவில்லை, அல்லது சிப் நினைவு தப்பத் தொடங்கிவிட்டது. ஒத்துவந்தால் கோப்பைச் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அழிக்கும் விளக்கின் கீழ் ஓர் அங்குல தூரத்தில் 15 முதல் 20 நிமிடம் போதும். அந்த ஒளியைக் கண்ணால் பார்க்கவே கூடாது. மூடியைத் திறந்தால் அணைந்துவிடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு, காலியாகிவிட்டதா என்று பார்க்கும் பிளாங்க் செக். எல்லா பைட்டும் எஃப்எஃப் என்று வர வேண்டும். ஆதிச் சிப்பான 1702-இல் மட்டும் பூஜ்யம். எழுதும் நேரம் சிப்பின் வயதைச் சொல்லும். 2716-இல் பைட்டுக்கு 50 மில்லி செகண்ட், 2048 பைட்டுக்கு நூறு வினாடிக்கு மேல். அதே கணக்கில் 2764-க்கு ஏழு நிமிடம் ஆகும் என்பதால்தான், ஒரு மில்லி செகண்ட் துடிப்பு கொடுத்து, ஏறியதா என்று பார்த்துப் பார்த்து எழுதும் முறை வந்தது. எழுதி, வெரிஃபை முடிந்ததும் சன்னலை ஒளி புகாத லேபிளால் மூடிவிடுங்கள்.

லேபிள் விஷயம் இதுதான். நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்று ஆண்டு என்பது இந்தச் சிப் அழிய ஆகும் காலமாகத் தயாரிப்பாளர்களே அச்சிட்ட கணக்கு. இருட்டிலும் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கசிகின்றன. பத்தாண்டு தாங்கும் என்று வடிவமைத்தவை நாற்பது ஆண்டைத் தாண்டியும் இன்று பலகைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஃப்ரோமன் சில காலம் கானாவின் குமாசியில் பாடம் நடத்தி, பின் இஸ்ரேலில் இன்டெல்லை வேரூன்றச் செய்து, 2008-ல் எடிசன் பதக்கம் பெற்றார். அவருடைய சிப்புகளில் பலர் எழுதிய நிரல்களுக்கோ, பல இடங்களில் அந்தச் சிப்பைத் தவிர வேறு படி இல்லை.

உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ 1970-களின், 80-களின் கருவி கிடந்தால், சன்னல் வைத்த சிப்பைத் தேடுங்கள். லேபிளில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் விளக்கை வாங்குவதற்கு முன்னால், சிப்பைப் படித்துச் சேமியுங்கள்.